ஆற்றியிருத்தல்: பிரிவுக் காலத்துக் கைவேலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



சங்க இலக்கியத்தில் பிரிவு என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். இதே தலைப்பில் இம்மேடையில் எனக்கு முன்னர்ப் பலர் பேசியுள்ளனர். பசலையும் நெகிழ்ந்த வளையும் வாடையும் கார்காலமும் உங்களுக்குப் புதியன அல்ல. ஆதலின் அவற்றை மீண்டும் விரித்துரைக்க நான் விரும்பவில்லை. தலைப்பின் ஓர் ஓரத்தில் கிடக்கும் சிறு வினா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். துணை பிரிந்திருக்கும் காலத்தில், வீட்டில் இருப்பவர் பொழுதை என்ன செய்கிறார்? நெஞ்சம் என்ன செய்தது என்பதை நம் புலவர்கள் நிரம்பவே சொல்லிவிட்டார்கள். கை என்ன செய்தது என்பதே என் கேள்வி.

கை என்று நான் சொல்வதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. பெருந்துயரில் செயலிழந்து நிற்பதைக் 'கையறுதல்' என்கிறோம். 'கையறுநிலை' என்று புறத்துறை ஒன்றே உண்டு. கை இருந்தும் அதற்குச் செயல் இல்லாது போகும் நிலையைத்தான் அச்சொல் குறிக்கிறது. இதற்கு எதிரே வேறொரு சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஆற்றுதல்' என்பது அது. தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருத்தலே முல்லை என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பிரிவை ஆற்றுகிறோம், பணி ஆற்றுகிறோம், உரை ஆற்றுகிறோம், சூடான பாலையும் ஆற்றுகிறோம். பொறுத்தலும் செய்தலும் தணித்தலும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. எதையேனும் செய்துகொண்டிருப்பவருக்கே பொறுத்திருக்க இயலும் என்பதை இம்மொழி எப்போதோ கண்டுகொண்டது போலும். இதைச் சொல்லாராய்ச்சி என்று யாரும் கொள்ள வேண்டா. கவிஞர் அவையில் சொல்லத்தக்க ஒரு நயம், அவ்வளவே.

மொழி கண்டதைப் புலவர்கள் கண்டார்களா என்றால், எனக்கு ஐயமாக இருக்கிறது.

முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். பத்துப்பாட்டுள் மிகச் சிறியது, 103 அடிகள். பாடியவர் நப்பூதனார். பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லையும் தூவி விரிச்சி கேட்கிறார்கள். கன்றை ஆற்றும் ஆயர் மகளின் சொல் நற்சொல்லாகக் கிடைக்கிறது. தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். அவளோ எழுநிலை மாடத்தில் பாவை விளக்கின் ஒளியில் கிடக்கிறாள். நினைக்கிறாள், தேறுகிறாள், மயங்குகிறாள், பெருமூச்செறிகிறாள். அவள் கை செய்யும் ஒரே செயல், கழன்றோடும் வளையைத் திருத்துவது. கூரையிலிருந்து விழும் மழைநீரின் ஓசை அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இதே பாட்டில் பாசறையைப் பாருங்கள். அங்கே வேலையில்லாத கையே இல்லை. காடு வெட்டுகிறார்கள், வேலி கட்டுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள், யானைக்குக் கவளம் ஊட்டுகிறார்கள். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது இவ்வளவு என்று அரசனுக்கு அறிவிக்கவும் ஆட்கள் உண்டு. அரசனும் உறங்கவில்லைதான். ஆனால் அவனுக்கு நாளைய போர் என்னும் வேலை இருக்கிறது. அவனுடைய பொழுதை அளந்து சொல்ல ஏவலர் இருக்கிறார்கள். அவளுக்கோ கூரையிலிருந்து ஒழுகும் நீர்தான் நாழிகை வட்டில். நப்பூதனார் இவ்விரண்டு நீர்களையும் ஒரே பாட்டில் வைத்தது தற்செயலா என்று பல நாள் எண்ணியதுண்டு.

நெடுநல்வாடையும் இவ்வாறே. யானைத் தந்தக் கட்டிலின் செய்நேர்த்தியை நக்கீரர் எவ்வளவு விரிவாகச் சொல்கிறார்! அதன்மேல் இருக்கும் அரசிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே விதானத்தில் எழுதிய திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கட்டிலுக்குத் தச்சனின் வேலை, ஓவியத்துக்கு ஓவியனின் வேலை, போர்க்களத்தில் அரசனின் வேலை. எல்லார்க்கும் வேலை கொடுத்த புலவர் அரசிக்கு மட்டும் கொடுக்க மறந்தாரா, மறுத்தாரா? மறுத்தார் என்றே நினைக்கிறேன். செயலை ஆணுக்கும், அந்த ஆணையே பெண்ணுக்கும் உயிராகப் பகுத்துத் தரும் குறுந்தொகைப் பாடலை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பங்கீட்டின்படி காத்திருக்கும் பெண்ணின் கை வெறுங்கையாகத்தான் இருக்க வேண்டும்.

வேலை கொடுத்த இடங்களும் உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் அது என்ன வேலை? அகநானூற்றில் ஒரு தலைவி நெடுஞ்சுவரில் நாள்தோறும் கோடிட்டு அதையே பார்த்திருக்கிறாள். வள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தைத் தொடங்கும்போதே, நாட்குறியைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்த பெண்ணைக் காட்டிவிடுகிறார். காளிதாசனின் மேகதூதத்தில் இயக்கனின் மனைவி, வாயிற்படியில் பூக்களை வைத்து எஞ்சியிருக்கும் திங்களை எண்ணுவாள் என்று அவன் கற்பனை செய்கிறான். பிறகு கூடல் இழைத்தல். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டமிடுவது. முனைகள் கூடினால் அவர் வருவார், கூடாவிட்டால் வரமாட்டார். வட்டத்துக்குள் சிறு சுழிகள் இட்டு இரட்டையா ஒற்றையா என்று எண்ணிப் பார்ப்பதும் உண்டு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் நான்காம் திருமொழி முழுவதையும் இந்தக் கூடலுக்கே கொடுத்திருக்கிறார்.

இவையெல்லாம் கைவேலைகளே. எனினும் ஒவ்வொன்றும் பிரிவையே எண்ணுகிறது. அல்லது பிரிவைப் பற்றியே ஊழிடம் கேட்கிறது. புண்ணை மறக்க வேண்டிய கை, புண்ணையே தடவிக்கொண்டிருக்கிறது. கூடலில் முனை கூடவில்லை என்றால் அன்றைய பொழுது என்னாவது? மீண்டும் இழைப்பாள், கூடும்வரை இழைப்பாள். இது துயரை ஆற்றாது, வளர்க்கும். கவிதைக்கு நல்லது, காத்திருப்பவருக்கு நல்லதன்று. இங்கேதான் கவிஞரின் தேவையும் காத்திருப்பவரின் தேவையும் பிரிகின்றன என்பது என் துணிபு.

கலை பயின்றால் ஆகாதா என்று கேட்கலாம். அதற்கும் காளிதாசன் விடை வைத்திருக்கிறான். அவள் வீணையை மடியில் வைத்துப் பாடத் தொடங்குகிறாள். கண்ணீரால் தந்தி நனைகிறது, துடைத்துக்கொள்கிறாள். தானே அமைத்த பண் அவளுக்கு மறந்துபோகிறது. எத்துணை நுட்பமான பார்வை! அரிய கலைக்கு முழு நெஞ்சமும் வேண்டும். பிரிந்திருப்பவரிடம் முழு நெஞ்சம் ஏது? கால் நெஞ்சம் கொண்டு செய்யத்தக்க எளிய செயல் ஒன்றே அவருக்கு வேண்டுவது. ஒமரின் காவியத்தில் பெனலோப்பி மூன்றாண்டுகள் பகலில் நெய்து இரவில் பிரித்தாள் என்று படிக்கிறோம். அதுவும் பொழுதுபோக்கு ஆகாது. மணம் பேச வந்தோரை நிறுத்திவைக்கும் சூழ்ச்சி அது, பிடிபட்டால் ஆபத்து.

அப்படியானால் எளிய கைவேலை சங்கப் பாட்டில் இல்லவே இல்லையா? ஓரிடத்தில் இருக்கிறது. நற்றிணையில், துணையற்ற பெண்டிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய பஞ்சு நூல் ஒரு பாடலில் வருகிறது. எதற்காக வருகிறது? மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக! அப்பெண்களைப் பற்றி அந்தப் பாட்டு மேலும் ஒன்றும் கூறாது. புறநானூற்றில் வரும் பருத்திப் பெண்டும் இவ்வாறு ஓரத்தில் வந்து மறைபவளே. இரவெல்லாம் பஞ்சும் நூலுமாகப் பொழுதைத் தள்ளிய பெண்ணுக்குப் பாட்டில் கிடைத்த இடம் உவமையின் இடம். பொருளாக இருக்க வேண்டியவள் உவமையாக நின்றுவிட்டாள். கண்ணீருக்குத் திணையும் துறையும் வகுத்த மரபு, நூல் நூற்பதற்கு ஒரு துறை வகுக்கவில்லை.

புலவர் தராததை நாட்டார் தந்தார்கள். பல்லாங்குழி இருவர் ஆடும் ஆட்டம் என்பதே பொதுவழக்கு. ஆனால் ஒருவர் தனியே ஆடுவதும் உண்டு. அதற்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை ஆடிய ஆட்டம் அது என்பது மக்கள் நம்பிக்கை. வான்மீகியும் சொல்லாத, கம்பரும் சொல்லாத செய்தி இது. கம்பர் காட்டும் சீதை புகைபடிந்த ஓவியம் போல் அசைவற்று இருக்கிறாள். கிராமத்துப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை போலும். பத்துத் திங்கள் அந்த அம்மாள் சும்மாவா உட்கார்ந்திருப்பார் என்று இரங்கி, அரக்கியர் காவலுக்கு நடுவே அவர் கையில் நாலு புளியங்கொட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆட்டத்தின் ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். பலகையில் பதினான்கு குழிகள். அடுத்தடுத்த ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என்று காய்களை இடவேண்டும். மொத்தம் 28 காய்கள். மற்ற ஏழு குழிகள் வெறுமை. இப்போது ஏழு காய் உள்ள குழியை எடுத்து அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆறு இருந்த குழி ஏழாகும், ஐந்து ஆறாகும், இறுதியில் ஒன்று இரண்டாகும். கையில் எஞ்சிய கடைசிக் காய் வெறுங்குழியில் விழுந்து அது ஒன்றாகும். என்ன ஆயிற்று? அதே 7, 6, 5, 4, 3, 2, 1. ஒரு குழி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். மீண்டும் ஏழை எடுங்கள். மீண்டும் ஒரு குழி நகரும். பதினான்கு முறை எடுத்துப் போட்டால் பலகையைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் நிற்கும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. காய் கூடுவதில்லை, குறைவதில்லை. எத்தனை சுற்று ஆயிற்று என்று எண்ண வேண்டிய தேவையும் இல்லை. அவர் வருவாரா என்று அது கேட்பதில்லை. எந்தக் கணத்திலும் நிறுத்தலாம். எந்தக் கணத்திலும் தொடரலாம். காது வாயிலில் இருக்கலாம், கண் வழியில் இருக்கலாம். கை தானே ஆடும்.

கூடலையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் வட்டந்தான். ஒன்றில் முனை கூடுமா என்ற அச்சம். மற்றொன்றில் அது கூடியே தீரும். கூடுவதால் ஒன்றும் ஆகப்போவதும் இல்லை. காத்திருப்பவருக்கு எது மருந்து என்று கண்டவர்கள் எழுத்தறியாத பெண்கள்.

இதை நான் நூலில் மட்டும் படித்து வந்து பேசவில்லை. எங்கள் மகளின் பேறுகாலத்தை ஒட்டி என் துணைவியார் ஆறு திங்கள் வெளிநாட்டில் இருந்தார். பிரிந்து சென்றவர் தலைவி, வீட்டில் இருந்தவன் தலைவன்; தொல்காப்பியர் எண்ணிப் பார்த்திராத திணைமயக்கம்! கைப்பேசியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசினோம். மேகத்தைத் தூது விட வேண்டிய இடர் எனக்கில்லை. ஆனால் பேச்சு முடிந்து திரை இருண்டபின், மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே இருந்த அந்த மூன்று மணி நேரத்தைக் கைப்பேசியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்தி இல்லாத பிரிவைத்தான் அறிவியல் ஒழித்தது. பொழுதை அது ஒழிக்கவில்லை. நூல் படித்தால் பக்கம் புரண்டதே தவிர ஒரு வரியும் உள்ளே ஏறவில்லை. தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை. அவர் தம் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகை பரணில் இருந்தது. அதை இறக்கினேன். அடுத்த வீட்டுப் பெரியம்மாள் ஒருவர் இந்தத் தனியாட்டத்தைக் காட்டித் தந்தார். "இது சீதையம்மா ஆட்டம் தம்பி, ஆம்பளைங்க ஆடுறது இல்லே" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார். அறுபதைக் கடந்தவனை அவர் தம்பி என்று அழைத்ததே எனக்குப் பாதி மருந்தாயிற்று. சோழி குழியில் விழும் ஓசை இருக்கிறதே, அது கூரைநீர் ஓசைக்கு நல்ல மாற்று.

வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று காட்ட வேண்டும். கடல்வழிச் செலவில் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறும். அந்த நெறி அண்மைக்காலம் வரை வாழ்ந்த இடம் செட்டிநாடு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கச் சென்ற நகரத்தார் பெரும்பாலும் மனைவியரை ஊரிலேயே விட்டுச் சென்றனர். கடையை நடத்தும் முகவர்க்கு மூன்றாண்டு ஒரு தவணை. திரும்பி வருவார், சில காலம் தங்குவார், மீண்டும் கப்பலேறுவார். தூண்கள் நிறைந்த அந்த வளவுகளில் ஆச்சிமார்கள் என்ன செய்தார்கள்? வீட்டை ஆண்டார்கள், வரவுசெலவு பார்த்தார்கள், மக்களை வளர்த்தார்கள். எஞ்சிய பொழுதில் கொட்டான் முடைந்தார்கள்.

பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலமாகக் கிழித்து, சாயநீரில் கொதிக்கவைத்து, ஈரப்பதம் போகாமல் வைத்துக்கொண்டு அடியிலிருந்து முடைந்து மேலேற வேண்டும். சிலவற்றுக்கு நூற்பின்னலும் மணிவேலையும் சேர்த்து மேலுறை செய்வார்கள். திருமணங்களிலும் பிற சடங்குகளிலும் பொருள் வைத்துக் கொடுக்க அவை பயன்பட்டன. இதுவும் சீதைப்பாண்டி போலத்தான். ஓலை மேலும் கீழும் போய்வரும், பேச்சு நடந்துகொண்டிருக்கும், கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். ஒரே வேறுபாடு, இங்கே பொழுதின் முடிவில் கையில் ஒரு பெட்டி இருக்கும்.

செட்டிநாட்டு வழக்கில் மணமான இணையைப் 'புள்ளி' என்று கணக்கிடுவர். கோயில் வரி முதலியன புள்ளிக்கு இவ்வளவு என்று வரும். கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. கணவர் பினாங்கில், மனைவி ஊரில் என்றாலும் ஏட்டில் அவர்கள் ஒரு முழுப்புள்ளிதான். பிரிவுக்கு அந்த ஏட்டில் எண் இல்லை. 1941 டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அப்போது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தோர் பலர். மலாயாவில் அகப்பட்டுக்கொண்டோர்க்கும் ஊருக்கும் இடையே 1945 வரை கடிதப் போக்குவரத்து ஏறத்தாழ அற்றது. மூன்றாண்டுத் தவணை என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இனி எதை எண்ணுவது என்று தெரியாமற் போயிற்று. சுவர்க்கோடும் வாயிற்படிப் பூவும் கெடு தெரிந்த பிரிவுக்கே உதவும். கெடு அழிந்தபின் எண்ணுவது கொடுமை. முடிச்சும் ஓலையும் அப்போதும் உதவியிருக்கும் என்று நம்புகிறேன். அந்த ஆண்டுகளின் ஆண்பக்கத்தை, கடலுக்கு அப்பாலிருந்த வட்டிக்கடைகளின் உலகத்தை, ப. சிங்காரம் தம் இரண்டு நாவல்களில் எழுதிவைத்தார். வளவுக்குள் இருந்தவர்களின் பக்கத்தை அந்த அளவுக்கு எழுதியவரை நான் கண்டிலேன்.

இவ்விடத்தில் ஒன்றை விலக்கிவைக்க வேண்டும். ஈழத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரும் அன்னையரும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கினர். படத்தை ஏந்தி ஆண்டுக்கணக்கில் பந்தலில் அமர்ந்த அவர்களுடைய காத்திருப்பை என் தலைப்புக்குள் இழுக்க மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு வேண்டுவது விடை. பொழுதுபோக்கு என்ற சொல்லை அங்கே உச்சரிப்பதே பிழை.

வளைகுடா நாடுகளுக்குக் கணவரை அனுப்பிவிட்டு இருப்போர், கப்பற்பணியாளர் வீட்டார், பணியிட மாற்றத்தால் வேறூரில் வாழும் இணைகள், என்னைப் போல் மகப்பேற்றுக்குத் துணையை அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் ஆகியோரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். இவர்களைப் பற்றி இவ்வட்டத்தின் அரங்குகளிலும் பல கவிதைகள் கேட்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றில் நிலவு வருகிறது, தலையணை வருகிறது, கண்ணீர் வருகிறது. தையற்பொறி வரவில்லை. வாசலில் ஒரு மணி நேரம் இருந்து சிக்குக்கோலம் போடும் பெண்ணின் விரல் வரவில்லை. பழைய புடைவையைக் கிழித்து மிதியடி பின்னுகிறவர் வரவில்லை. மாடியில் ஐந்து தொட்டிகளில் கீரை வளர்த்து, அதைத் தின்ன ஆளில்லாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிற கிழவர் வரவில்லை. நாமும் அந்தப் பெண்ணைத் தந்தக் கட்டிலிலேயே இருத்திவிட்டு வளையைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அவளுக்கு வேலை தர நமக்கு மனம் வரவில்லை.

வேலை செய்கிறாள் என்றால் அவளுக்கு அன்பில்லை என்று பொருளாகிவிடுமோ என்று கவிஞர் அஞ்சுகிறார் போலும். காத்திருப்பவரிடமே இவ்வச்சம் உண்டு. அவர் இல்லாதபோது நான் சிரித்தேன், ஓர் ஆட்டம் ஆடினேன் என்று சொல்லக் கூசுகிறார்கள். எனக்குச் சீதைப்பாண்டி காட்டித்தந்த பெரியம்மாளைக் கேட்டேன், இதை எப்போது கற்றீர்கள் என்று. அவருடைய கணவர் பட்டாளத்தில் இருந்த காலத்தில் மாமியார் கற்றுக்கொடுத்தாராம். "மாமியாருக்கு அவங்க மாமியார் சொல்லிக் கொடுத்தாங்களாம். என்னத்துக்கு ஆடுறோம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்லே" என்றார். பேசாமலே ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறையின் மடியில் பலகையை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அடுத்த ஆண்டுக் கவியரங்கத்துக்குத் தலைப்புக் கேட்டுச் செயலாளர் சுற்றறிக்கை விட்டிருக்கிறார். 'சீதைப்பாண்டி' என்பதை நான் முன்மொழிகிறேன். கண்ணீர் என்ற சொல் வராமல் பதினான்கு வரி எழுதுவது என்று ஒரு நிபந்தனையும் விதிக்கலாம். குழிக்கு ஒரு வரி. ஏற்பதும் மறுப்பதும் செயற்குழுவின் உரிமை.

பலகையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசைக்கு அருகே, நூல்கள் விற்கும் மேசையின்மேல் இருக்கிறது. உணவு இடைவேளையில் விரும்புவோர் ஆடிப் பார்க்கலாம். 28 சோழிகள் உள்ளன. ஆடி முடித்தபின் எண்ணி வைத்துவிடுமாறு வேண்டுகிறேன். பலகைக்கு உரியவர் ஊர் திரும்பிவிட்டார்; இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.